ஆள் இல்லாத பில்லிங் கவுண்ட்டர்: மெஷினை வைத்த சூப்பர் மார்க்கெட்டுகளே அதை எடுப்பது ஏன்?

சூப்பர் மார்க்கெட்டில் வாங்க வேண்டியதை எல்லாம் எடுத்தாச்சு. இனி பில் போட வேண்டியதுதான் பாக்கி. ஒரு பக்கம் ஊழியர் இருக்கும் கவுண்ட்டர், அங்கே ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். இன்னொரு பக்கம் ஆளே இல்லாத மெஷின்கள். நீங்களே ஸ்கேன் செய்து, நீங்களே பையில் போட்டு, கார்டைத் தட்டிவிட்டு நடையைக் கட்டலாம். நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள்?

கேட்க சின்ன கேள்விதான். ஆனால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வாடிக்கையாளர்கள் இதில் இரண்டு கட்சியாகவே பிரிந்து நிற்கிறார்கள். 'வரிசையில் நிற்கிற தொல்லை விட்டது' என்று ஒரு தரப்பு. 'காசும் கொடுத்து, கடைக்காரர் வேலையையும் நாங்களே செய்யணுமா?' என்று இன்னொரு தரப்பு. இதற்கிடையில், ஆசை ஆசையாக மெஷின் வைத்த சில நிறுவனங்களே அதைத் திரும்ப எடுக்கவும் ஆரம்பித்துவிட்டன. என்னதான் நடக்கிறது? பார்க்கலாம்.

முதலில் யார் எடுத்தார்கள்?

வடக்கு இங்கிலாந்தில் 'பூத்ஸ்' என்று ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனம் இருக்கிறது. 1847-ல் தொடங்கியது. மொத்தமே முப்பதுக்கும் குறைவான கடைகள்தான். 2023 நவம்பரில் இந்த நிறுவனம் ஒரு முடிவை அறிவித்தது: இரண்டு கடைகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுயசேவை மெஷின்களுக்கு குட்பை. விட்டுவைத்த இரண்டும் சுற்றுலாப் பயணிகள் குவியும் ஏரி மாவட்டத்தில் உள்ள கடைகள். அங்கே கூட்டத்தைச் சமாளிக்க மெஷின் தேவை என்பது அவர்கள் கணக்கு.

நிறுவனம் சொன்ன காரணம் எளிமையானது. மெஷின் மெதுவாக இருக்கிறது, நம்ப முடியவில்லை, ஆள் இல்லாத உணர்வைத் தருகிறது என்று வாடிக்கையாளர்களே சொன்னார்களாம். பாக்கெட்டில் வராத காய், பழத்தை மெஷினில் போட்டால், அது எந்த வகை ஆப்பிள் என்று வாங்குபவரே திரையில் தேட வேண்டும். மது பாட்டிலை ஸ்கேன் செய்தால், 18 வயது ஆனவரா என்று பார்க்க எப்படியும் ஒரு ஊழியர் ஓடி வர வேண்டும். கடைசியில் ஆள் வரத்தான் வேண்டும் என்றால், முதலிலேயே ஆள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்பதுதான் பூத்ஸ் வாதம்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. 2024 மார்ச்சில் 'டார்கெட்' நிறுவனம் பெரும்பாலான கடைகளில் சுயசேவை மெஷினுக்கு 10 பொருள்தான் என்று வரம்பு வைத்தது. 'டாலர் ஜெனரல்' அதே ஆண்டில் சுமார் 12,000 கடைகளிலிருந்து இந்த வசதியை எடுத்தது. அங்கே பெரிய காரணம், கணக்கில் வராமல் காணாமல் போகும் சரக்கு.

வேலை வாங்குபவர் தலைக்கு வந்தது எப்படி?

இது ஒரே நாளில் நடக்கவில்லை. ஒரு காலத்தில் மளிகைக் கடை என்றால் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் கடைக்காரர், இந்தப் பக்கம் நாம். கேட்டால் எடுத்துத் தருவார். 1916-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் தொடங்கிய 'பிக்லி விக்லி' கடை இதை மாற்றியது. கூடையை எடுத்துக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே நீங்களே போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. பொருளைத் தேடி எடுக்கிற வேலை அன்றே நம் கைக்கு வந்துவிட்டது.

1974-ல் ஓஹியோ மாகாணத்தில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. 1980-களில் அட்லாண்டா அருகே ஒரு 'குரோகர்' கடையில் சுயசேவை பில்லிங் மெஷின் வந்தது. அதாவது எடுப்பது, விலை பதிவது, பையில் போடுவது என எல்லாமே படிப்படியாக வாங்குபவர் தலைக்கு வந்துவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஏடிஎம்மில் பணத்தை எண்ணுவது மெஷின்தான். சுயசேவை கவுண்ட்டரில் அப்படி இல்லை. பொருளைத் தூக்கி, பார்கோடைத் தேடி, திருப்பிக் காட்டுவது நீங்கள்தான். வேலை காணாமல் போகவில்லை, செய்யும் ஆள்தான் மாறியிருக்கிறார்.

அப்படியும் ஏன் பலருக்குப் பிடிக்கிறது?

முதல் காரணம் வரிசை. ஊழியர் கவுண்ட்டரில் ஆளுக்கொரு வரிசை. உங்கள் முன்னால் இருப்பவர் விலைக்காகத் தகராறு செய்தால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். மெஷின் பகுதியில் ஒரே வரிசை, எட்டு மெஷின். ஒன்று சிக்கினாலும் மற்ற ஏழும் நகரும்.

இரண்டாவது, நேரம் பற்றிய நம் மனக்கணக்கு. தட்டு நிறைய சாமான் இருந்தால் பழகிய ஊழியர்தான் நம்மைவிட வேகமாக ஸ்கேன் செய்வார். ஆனால் சும்மா நிற்கும் இரண்டு நிமிஷம் நீளமாகத் தெரியும், கை வேலையாக இருக்கும் நான்கு நிமிஷம் தெரியாது.

மூன்றாவது, பேச விருப்பமில்லாதவர்களும் இருக்கிறார்கள். என்ன வாங்குகிறோம் என்று இன்னொருவர் பார்ப்பதில் கூச்சம், அந்நிய நாட்டு மொழியில் பேசத் தயக்கம், வேலை முடிந்து வந்த அலுப்பு. இவர்களுக்கு மெஷின் உண்மையிலேயே நிம்மதி. இதைக் கேலி செய்ய ஒன்றுமில்லை.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது?

பை வைக்கும் மேடைக்கு அடியில் எடை பார்க்கும் கருவி இருக்கிறது. ஒவ்வொரு பொருளும் எவ்வளவு எடை என்று கணினியில் பதிவாகியிருக்கும். ஸ்கேன் செய்த பொருளின் எடையும் மேடையில் ஏறிய எடையும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் நின்றுவிடும், விளக்கு எரியும். நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிப்பையை வைத்தாலே சில நேரம் இது நடக்கும். பிறகு ஊழியர் வந்து சரிசெய்யும் வரை, எதையோ திருடியவர் மாதிரி நடுக்கடையில் நிற்க வேண்டும்.

போதாததற்கு, பிரிட்டனில் சில கடைகளில் பில்லை ஸ்கேன் செய்தால்தான் வெளியே போகும் கதவு திறக்கும். கேமரா தலைக்கு மேலேயே இருக்கும். ஊழியர் வேலையையும் செய்துவிட்டு சந்தேகப் பார்வையையும் வாங்கிக்கொள்வது, நேர்மையாக வாங்குகிறவர்களுக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

கடைகளின் பயமும் சும்மா இல்லை. விலை உயர்ந்த பழத்தை மேடையில் வைத்து, திரையில் 'கேரட்' என்று அழுத்துவது ஊரறிந்த தந்திரம். மனிதரை ஏமாற்றக் கூசும் சிலருக்கு மெஷினை ஏமாற்றக் கூச்சமில்லை என்று குற்றவியல் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், நிஜமாகவே ஸ்கேன் ஆகாமல் தவறிப்போன பொருளும் உண்டு. தவறையும் திருட்டையும் பிரித்துப் பார்ப்பது ரொம்ப கஷ்டம். எட்டு மெஷினுக்குக் காவல் நிற்கும் ஒரே ஊழியர்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். வாடிக்கையாளரின் கோபமும் முதலில் அவர் மேல்தான் விழும்.

யாருக்கு உண்மையான பாதிப்பு?

பார்வைக் குறைபாடு உள்ளவருக்குத் தொடுதிரை ஒரு சுவர். சக்கர நாற்காலியில் வருபவருக்குத் திரையும் கார்டு கருவியும் எட்டாத உயரத்தில் இருக்கலாம். கை நடுங்கும் முதியவருக்குப் பார்கோடைச் சரியாகக் காட்டுவதே போராட்டம். பல மெஷின்கள் கார்டு மட்டும்தான் ஏற்கும். வாராந்திரச் செலவை ரொக்கமாக எண்ணி எடுத்துவருபவர் என்ன செய்வார்? பிரிட்டனில் கடைகள் ரொக்கம் வாங்கியே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்காக நியாயமான மாற்றங்கள் செய்ய வேண்டும் என்று 2010-ன் சமத்துவச் சட்டம் சொல்கிறது.

தனிமை இன்னொரு பக்கம். தனியாக வாழும் முதியவர்கள் சிலருக்கு அன்றைக்குப் பேசக் கிடைக்கும் ஒரே ஆள் கடை ஊழியர்தான். நெதர்லாந்தின் 'யும்போ' நிறுவனம் இதைப் புரிந்துகொண்டு 2019-ல் 'அரட்டை கவுண்ட்டர்' ஒன்றைத் திறந்தது. அவசரமில்லாதவர்கள் அங்கே நின்று, ஊழியரோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் பில் போடலாம். வரவேற்பைப் பார்த்து, 200 கடைகளுக்கு விரிவாக்கப் போவதாக 2021-ல் அறிவித்தது.

அப்படியானால் மெஷின் ஒழிந்துவிடுமா?

ஒழியாது. காரணம் சம்பளக் கணக்கு. பிரிட்டனில் குறைந்தபட்ச ஊதியம் 2024 ஏப்ரலில் மணிக்கு 11.44 பவுண்ட், 2025 ஏப்ரலில் 12.21 பவுண்ட். அதே மாதம் முதலாளிகள் செலுத்தும் தேசியக் காப்பீட்டுத் தொகையும் 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது. ஒரு ஊழியர் எட்டு மெஷினைப் பார்த்துக்கொண்டால் மிச்சம்தானே என்று பெரிய நிறுவனங்கள் யோசிக்கும். பூத்ஸ் முப்பதுக்கும் குறைவான கடைகள் கொண்ட, கவனிப்பைச் சொல்லியே வியாபாரம் செய்யும் நிறுவனம். ஆயிரக்கணக்கில் கடை வைத்திருப்பவர்கள் அதைப் பின்பற்றுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

நம்ம ஊரில் நிலைமை தலைகீழ். இங்கே சம்பளம் குறைவு என்பதால் ஆளை வைப்பதுதான் மலிவு. பில் போட ஒருவர், காய்கறி எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்ட ஒருவர், வாசலில் பில்லைப் பார்த்து முத்திரை குத்த இன்னொருவர். அந்த ஊழியர்கள் உட்காரவே 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆள் இருக்கிற கவுண்ட்டர் என்றாலே எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று அர்த்தமில்லை.

கடைசியாக என்ன புரிகிறது?

இது இளைஞர்களுக்கும் முதியவர்களுக்கும் நடக்கும் சண்டை இல்லை. பால், பிரெட் மட்டும் வாங்க வந்தவர் மெஷினுக்குப் போவார். மாத சாமான் வாங்க வந்தால் அதே ஆள் ஊழியரைத் தேடுவார். மெஷின் இருப்பதை விட, வேறு வழியில்லாமல் அதன் முன் நிறுத்தப்படுவதுதான் கோபத்துக்குக் காரணம். பத்து கவுண்ட்டர் இருந்தும் ஒன்றில்கூட ஆள் இல்லாவிட்டால், அதற்குப் பெயர் வசதி இல்லை.

அதனால் ஒரு கடை எத்தனை மெஷின் வைத்திருக்கிறது என்று எண்ணுவதால் பயனில்லை. திறந்ததிலிருந்து மூடும் வரை ஊழியர் இருக்கும் கவுண்ட்டர் ஒன்றாவது இயங்குகிறதா, அங்கே ரொக்கம் வாங்குகிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நம்ம ஊருக்கு மெஷின்கள் மொத்தமாக வரும் நாளிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.