யாத்திரையில் தங்குமிடம்: சிக்கனமும் சௌகரியமும்

காசிக்கும் இராமேசுவரத்துக்கும் ஒருமுறை சென்றுவர வேண்டும் என்ற எண்ணம் நம் இல்லங்களில் பெரியோர் பலருக்கு நெடுநாளாக உண்டு. ரயில் கட்டணத்தை எப்படியோ ஒதுக்கிவிடுகிறார்கள். ஐந்து நாள், ஆறு நாள் விடுதி வாடகை என்று கூட்டிப் பார்க்கும்போதுதான் மனம் தயங்குகிறது. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களும், பிள்ளைகளிடம் கேட்கக் கூசுபவர்களும் ‘அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைத்துவிடுகின்றனர். முழங்கால் ஒத்துழைக்கும்போதே செய்ய வேண்டிய யாத்திரை, இவ்வாறு கைநழுவிப் போகிறது. ஆதலால் தங்குமிடச் செலவைக் குறைக்கும் வழிகளை இவ்வாரம் காண்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். மலிவான அறையைத் தேடுவது மட்டுமே சிக்கனம் ஆகாது. எத்தனை நாள் வாடகை கொடுக்கிறோம், அவற்றுள் எத்தனை மணி நேரம் அறையில் இருக்கிறோம் என்று பார்த்தால், பணம் வீணாகும் இடம் தானே புலப்படும்.

சத்திர தருமம்

வழிச்செல்வோருக்கு இடமளிப்பதை நம் நாட்டில் அரசரும் வணிகரும் பேரறமாகப் போற்றினர். மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே மங்கம்மாள் சத்திரம் அந்த அரசியின் பெயரை இன்றும் சொல்கிறது. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி, ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார். நகரத்தார் காசியில் ஏற்படுத்திய சத்திரம் இன்றளவும் இயங்கிவருகிறது. விசுவநாதர் பூசைக்குரிய பொருள்கள் அங்கிருந்து நாள்தோறும் எடுத்துச் செல்லப்படுகின்றன. காசியில் அனுமான் காட், கேதார் காட் ஆகிய பகுதிகளிலும் தமிழ் யாத்திரிகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கி வருகின்றனர்.

கோயில் நிருவாகங்களின் விடுதிகளும் உண்டு. பழநியில் தண்டபாணி நிலையம், ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையில் யாத்ரி நிவாஸ், திருப்பதி நகரில் ஸ்ரீநிவாசம், விஷ்ணு நிவாசம் ஆகியவை பலரும் அறிந்தவை. திருமலைக்குச் செல்வோருக்கு மலைமீது அறை கிடைக்காவிட்டாலும், பொருள்களை வைக்கப் பெட்டக வசதியுடன் இலவசப் பொதுக்கூடங்கள் இருக்கின்றன. ஓர் இரவு மட்டும் தங்கித் தரிசனம் செய்து திரும்புவோருக்கு அதுவே போதும்.

சமய அறக்கட்டளைகள் நடத்தும் விடுதிகளில் நாள் வாடகை 1,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் அதற்கு ஜி.எஸ்.டி. வரி இல்லை. கோயில் வளாகத்துக்கு வெளியே அமைந்த விடுதிகளுக்கும் இது பொருந்தும் என்று 2022 ஆகஸ்டில் மத்திய அரசு விளக்கமளித்தது. தனியார் விடுதியிலோ, குறைந்த வாடகை அறைக்கும் வரி உண்டு. எனவே ஒப்பிட்டுப் பார்க்கும்போது வரி சேர்த்த தொகையையே கேட்டறிய வேண்டும்.

சில சத்திரங்கள் தம் சமூகத்தாருக்கு முன்னுரிமை அளிக்கும். சிலவற்றில் தெரிந்தவர் ஒருவரின் கடிதம் தேவைப்படும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே கேட்டு வைத்தால் அலைச்சல் இராது.

நேரக் கணக்கு

ஒரு தம்பதியர் திங்கட்கிழமை காலை 5 மணிக்கு ஓர் ஊரில் இறங்குகின்றனர். செவ்வாய் இரவு 9 மணிக்குத் திரும்பு ரயில். நண்பகல் 12 மணிக்குக் கணக்கு முடிக்கும் விடுதியில் இறங்கியவுடனே அறை எடுத்தால், திங்கள் நண்பகல் வரை ஒரு நாள், செவ்வாய் நண்பகல் வரை இரண்டாம் நாள், இரவு வரை மூன்றாம் நாள் என்று மூன்று நாள் வாடகை ஆகிவிடும். 24 மணி நேரக் கணக்குள்ள விடுதியாயின் இரண்டு நாள் வாடகையோடு முடியும். அதே தம்பதியர் காலையில் ரயில் நிலையத்திலேயே நீராடிவிட்டு, தரிசனம் முடித்து, நண்பகலில் அறைக்குச் சென்று, மறுநாள் நண்பகலில் காலிசெய்தால் ஒரு நாள் வாடகையே போதும். பெட்டிகளை மாலை வரை விடுதி வரவேற்பறையிலோ, ரயில் நிலையத்தின் பொருள் காப்பறையிலோ வைக்கலாம். காப்பறையில் பூட்டிய பெட்டிகளையே ஏற்பார்கள் என்பதால் சிறு பூட்டு ஒன்றை எடுத்துச் செல்ல மறவாதீர்கள். ஆகவே, ‘வாடகை எவ்வளவு?’ என்று கேட்கும்போதே, ‘எத்தனை மணிக்குக் காலிசெய்ய வேண்டும்?’ என்றும் கேட்டுவிடுங்கள்.

பெரிய ரயில் நிலையங்களில் ஓய்வறைகளும் பொதுப் படுக்கைக் கூடங்களும் உள்ளன. உறுதியான சீட்டோ ஆர்.ஏ.சி. சீட்டோ வைத்திருப்பவர்கள் ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்தில் இவற்றை முன்பதிவு செய்யலாம். சில மணி நேரம் படுத்து எழ வேண்டிய முதியோருக்கு இது மிகவும் ஏற்றது.

மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர்கள், அரசின் விடுமுறை இல்லங்களில் தங்க ‘இ-சம்பதா’ இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கிகள் பலவும் தம் ஓய்வூதியருக்கு இத்தகைய வசதியை அளிக்கின்றன. தமக்கு இந்த உரிமை உண்டு என்பதை அறியாமலே பலர் தனியார் விடுதிக்குச் செல்கின்றனர். பழைய அலுவலகத்தில் ஒருமுறை விசாரிப்பது நன்று.

ஊரும் நாளும்

நவக்கிரகத் தலங்களுக்குச் செல்வோர் நாளொரு ஊரில் அறை எடுப்பது வீண் செலவு. கும்பகோணத்தில் தங்கி, சூரியனார்கோயில், கஞ்சனூர், ஆலங்குடி, திருநாகேசுவரம், திங்களூர் ஆகிய ஐந்தையும் தரிசிக்கலாம். பிறகு மயிலாடுதுறைக்கு மாறி, வைத்தீசுவரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு ஆகிய நான்கையும் முடிக்கலாம். ஒன்பது தலங்களுக்கு இரண்டே தங்குமிடங்கள். பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் சிரமமும் குறையும்.

திருவண்ணாமலையில் பௌர்ணமியன்று வாடகை உயர்ந்துவிடும். இரவெல்லாம் கிரிவலம் செல்பவர், அறைக்கு முழு வாடகை கொடுத்தும் அதில் படுப்பது சொற்ப நேரமே. அண்ணாமலையாரை எந்நாளிலும் வலம் வரலாம். கூட்டமில்லாத நாளில் 14 கிலோமீட்டரையும் இடையிடையே அமர்ந்து, லிங்கங்கள் ஒவ்வொன்றையும் தரிசித்து நடப்பது முதியோருக்கு எளிது. தைப்பூசத்தில் பழநி, சூரசம்ஹாரத்தில் திருச்செந்தூர், மகா சிவராத்திரியில் காசி ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். விழாவைக் காண வேண்டும் என்பதே வேண்டுதலாயின் செல்லுங்கள். தரிசனமே நோக்கமாயின், விழா முடிந்து ஒரு வாரம் கழித்துச் செல்வது உடலுக்கும் பணப்பைக்கும் நல்லது.

குறைக்கக் கூடாதவை

மலிவாகக் கிடைத்தது என்பதற்காக மூன்றாம் மாடி அறையை ஏற்காதீர்கள். காசியின் சந்துகளுக்குள் வண்டி நுழையாது. படித்துறையை ஒட்டிய பழைய கட்டடங்களில் படிகள் செங்குத்தாக இருக்கும். அறையைக் கேட்கும்போது நான்கு செய்திகளை உறுதிசெய்யுங்கள்: தரைத்தளமா அல்லது மின்தூக்கி உண்டா? மேற்கத்தியக் கழிப்பறை உண்டா? வெந்நீர் எந்நேரம் வரும்? வண்டி நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும்? வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தால் ஆகும் செலவு, நல்ல அறைக்குக் கொடுக்கும் வாடகையைவிடப் பன்மடங்கு.

தனியாக வரும் ஒருவருக்கு அறை தருவதில்லை என்ற விதி பல சத்திரங்களில் இருக்கிறது. கணவரை இழந்த தாய்மார்கள் பலர் இரவு நேரத்தில் வாசலில் நின்று இதனை அறிந்து கலங்குகின்றனர். அத்தகையோர் புறப்படும் முன்பே தொலைபேசியில் கேட்டறிய வேண்டும். உறவினர் அல்லது கோயில் தோழியர் இருவர், மூவராகச் சேர்ந்து செல்வது மிகச் சிறந்தது. மூன்று, நான்கு படுக்கைகள் கொண்ட ஓர் அறையின் வாடகையைப் பகிர்ந்துகொண்டால் செலவும் குறையும். இரவில் உடல் நலம் குன்றினால் உதவிக்கும் ஆள் இருக்கும்.

ஏமாறாதிருக்க

கோயில் விடுதிகளின் பெயரில் போலி இணையதளங்கள் பல உலவுகின்றன. யாத்திரிகர்களைக் குறிவைக்கும் இம்மோசடி குறித்து மத்திய அரசின் இணையக் குற்றத் தடுப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரிக்கை வெளியிட்டது. தேடியவுடன் முதலில் தோன்றும் எண்ணை அழைத்து, அவர் அனுப்பும் குறியீட்டுக்குப் பணம் செலுத்துவதே பெரும்பாலோர் ஏமாறும் வழி. தேவஸ்தானத்தின் அல்லது இந்து சமய அறநிலையத்துறையின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே பதிவு செய்யுங்கள். தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். தனிநபர் கணக்கில் முன்பணம் கேட்டால் அனுப்ப வேண்டாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். தாமதமின்றிச் சொன்னால் தொகையை முடக்கி மீட்கும் வாய்ப்பு உண்டு. செல்லும்போது ஒவ்வொருவரும் தம் ஆதார் அட்டையின் அசலை உடன் வைத்திருக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. சத்திரத்து அறை குறைந்த வாடகைக்குக் கிடைப்பது, என்றோ ஒருவர் தம் நிலத்தையும் பொருளையும் முகமறியாத நமக்காக எழுதி வைத்ததால். ஆதலால் விளக்கையும் குழாயையும் அணைத்து, அறையைத் தூய்மையாக விட்டு, சொன்ன நேரத்தில் சாவியை ஒப்படைப்பது நம் கடமை. வாசலில் அடுத்த யாத்திரிகர் காத்திருப்பார். மிச்சமான தொகையில் ஒரு பகுதியை அங்குள்ள அன்னதான உண்டியலில் சேர்த்துவிட்டு வாருங்கள். தள்ளிவைத்த யாத்திரை இவ்வாண்டே நிறைவேற இறைவன் அருள்புரிவானாக.