முகாமில் கொடுத்த கருவி அடுத்த மாசமும் வேலை செய்யணும்!



பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் ஊர் நம்ம திருவண்ணாமலை. அந்தக் கூட்டத்தில் சக்கர நாற்காலியில் வருபவர், பேருந்தில் இருந்து இறங்கி கோயில் வாசல் வரைக்கும் யார் தயவும் இல்லாமல் போக முடியுமா? இதே கேள்வியை நம்ம மாவட்டத்து அரசுப் பள்ளிகளிலும் கேட்டாகணும்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்லுது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகம், கற்றல் பொருட்கள், உதவிக் கருவிகள் எல்லாம் இலவசம். இது சலுகை இல்லை, சட்டம்.

முகாம் நடக்குது, கருவி கொடுக்கிறாங்க, போட்டோ வருது. நல்ல விஷயம்தான். அதுக்கு அப்புறம்?

காது கேட்கும் கருவியின் பட்டன் பேட்டரி ஒன்றிரண்டு வாரத்தில் தீர்ந்துடும். குழந்தை வளர வளர, காதுக்குள் வைக்கும் அச்சு பொருந்தாது. கருவி ‘கீ’ன்னு கத்தும், வகுப்பே திரும்பிப் பார்க்கும். மறுநாள் கருவி வீட்டு அலமாரிக்குப் போயிடும், பிள்ளை கடைசி பெஞ்சில் மௌனமா உட்கார்ந்திருக்கும். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கத்து அப்பா ஒருத்தர் இந்த ஒரு பேட்டரிக்காக ஒரு நாள் கூலியை விட்டுட்டு மலை இறங்கி வரணுமா?

நாம் கேட்பது பெரிய திட்டம் இல்லை. மாவட்டத்தில் 18 ஒன்றியங்கள். ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் பேட்டரி இருப்பு, காது அச்சு எடுக்க மாதம் ஒரு நாள், சக்கர நாற்காலி பழுது பார்க்க ஒரு ஆள். அவ்வளவுதான்.

சில வேலைகளுக்குச் செலவே கிடையாது. பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006-ல் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் முழுக்க இலவசம், தமிழும் வாசிக்கும். லினக்ஸ் கணினி என்றால் ஓர்கா இருக்கு, அதுவும் இலவசம். பள்ளி கணினி ஆய்வகத்தில் அதை நிறுவிக் கொடுத்து, ஆசிரியருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் போதும்.

“எத்தனை பேருக்கு இது தேவைப்படப் போகுது?” என்று கேட்பவர்களுக்கு: 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். 2016 சட்டம் 21 வகைப் பாதிப்புகளை ஏற்றிருப்பதால், அடுத்த கணக்கில் இது கூடத்தான் செய்யும். அதோட, சாய்வுதளம் போட்டால் முட்டி வலிக்கிற நம்ம பாட்டிக்கும் அது உதவும்.

அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கணும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இனி சாக்குக்கு இடமில்லை.

நம்ம பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கு. போஸ்டரைப் படமா மட்டும் போட்டால் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், உள்ளே இருக்கும் எழுத்து பார்வையற்ற தோழருக்குப் போய்ச் சேராது. அதனால் படத்தில் இருப்பதை யூனிகோடு தமிழில் கீழே எழுதுங்க. இன்றைக்கே தொடங்கலாம்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “கொடுத்த கருவிகளில் இன்றைக்கு எத்தனை வேலை செய்யுது?” பதிலை இங்கே கமெண்டில் எழுதுங்க. ஒன்றியம் வாரியாகத் தொகுத்து மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகக் கொடுப்போம்.

#கருவி_உரிமை #திருவண்ணாமலை