இழுக்கிற ஸ்டிக்கும் சூரிச்சில் தங்கிவிட்ட உத்தரவாதமும்

ஒரு பிளேஸ்டேசன் 5 கொன்ட்ரோலரின் ஜோய்ஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்? பொருள்களைக் கழற்றிப் பார்த்து எழுதுவதில் பெயர்பெற்ற அமெரிக்காவின் ஐஃபிக்சிட் நிறுவனம் 2021 ஆம் ஆண்டு இதற்கு ஒரு கணக்குப் போட்டது. ஸ்டிக்கின் உட்பாகத்தைச் செய்வது ஜப்பானின் அல்ப்ஸ் நிறுவனம். அந்தப் பாகத்துக்குக் குறிக்கப்பட்ட ஆயுள் 20 இலட்சம் சுழற்சி. 'கோல் ஒஃப் டியூட்டி' போன்ற சுடும் விளையாட்டில் விரல் எத்தனை தடவை ஸ்டிக்கைச் சுழற்றுகிறது என்று எண்ணிப் பார்த்தால், 417 மணித்தியாலத்தில் அந்த ஆயுள் தீர்ந்துவிடுகிறது. நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஆடுபவருக்கு ஏழு மாதம் வரும். ஓ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு அவ்வளவு காலம் தேவைப்படாது. நாளுக்கு ஆறு மணித்தியாலம் என்று வைத்தால் எழுபது நாளில் கதை முடிந்தது.

முடிந்தது என்றால் கொன்ட்ரோலர் செத்துவிடாது, எரிச்சலே அதில்தான். லைட் எரியும், பொத்தான்கள் எல்லாம் வேலை செய்யும். ஆனால் விரலை எடுத்த பிறகும் திரையில் இருப்பவர் இடப்பக்கமாக நடந்துகொண்டே இருப்பார். குருநகரிலும் பாசையூரிலும் காலையில் உண்மைப் பந்தை உதைத்துவிட்டு இரவில் திரையில் உதைக்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரிந்த வியாதி. 'ஸ்டிக் இழுக்குது' என்பார்கள். பந்து வலப்பக்கம் போக, தடுக்க வேண்டியவர் தன்பாட்டில் கோட்டை நோக்கி உலாப் போவார்.

காரணம் மிகப் பழைய சங்கதி. ஸ்டிக்கைத் தாங்கும் சின்னப் பெட்டியின் இரண்டு பக்கங்களிலும் நகத்தளவில் இரண்டு மூடிகள் இருக்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக ஒரு கரிப் பூச்சு, அதன்மேல் உரசிக்கொண்டு ஓடும் மயிரிழை போன்ற உலோக விரல்கள். விரல் எந்த இடத்தைத் தொடுகிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் மாறும். அதை வைத்துத்தான் ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை இயந்திரம் அறிகிறது. வானொலியின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் இருப்பதும் இதே பாகந்தான். பழைய வானொலியில் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று இரையும் அல்லவா, அந்தத் தேய்மானந்தான் இங்கே ஆட்டக்காரரை நடக்க வைக்கிறது. நடுவில் நின்றால் சரிபாதி என்று வர வேண்டிய அளவு, கரி தேய்ந்தோ தூசி படிந்தோ சற்று விலகிப் போகிறது. அதற்காகவே நடுவில் ஒரு சின்ன வட்டத்துக்குள் வரும் அசைவைக் கணக்கில் எடுக்காதபடி மென்பொருளில் ஏற்பாடு செய்திருப்பார்கள். விலகல் அந்த வட்டத்தைத் தாண்டும்வரை யாருக்கும் தெரியாது. தாண்டிய அன்று, நேற்றுவரை நன்றாக இருந்ததே என்று வீட்டில் சண்டை வரும்.

இந்த விவகாரத்தில் உலகமெல்லாம் அடிபட்ட பெயர் நிண்டெண்டோ. 2017 மார்ச்சில் ஸ்விட்ச் வந்தது. அதன் இரு புறமும் பூட்டும் ஜோய்-கொன் கொன்ட்ரோலர்கள் இழுக்கத் தொடங்கியதும் 2019 ஜூலையில் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2020 ஜூனில் நிறுவனத் தலைவர் சுன்டாரோ ஃபுருகாவா பங்குதாரர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். 2021 ஜனவரியில் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் ஒன்றியம் ஏறத்தாழ 25,000 பேரின் முறைப்பாடுகளோடு ஐரோப்பிய ஆணையத்திடம் போனது. அவற்றில் 88 வீதமானவை வாங்கி இரண்டு வருடத்துக்குள் பழுதானவை. 2022 டிசம்பரில் பிரித்தானிய நுகர்வோர் அமைப்பான 'விச்' தன் ஆய்வை வெளியிட்டது. முதல் வகை ஸ்விட்ச் வைத்திருந்தவர்களில் ஐந்தில் இருவர் இந்தப் பழுதைக் கண்டிருந்தார்கள். திறந்து பார்த்த கொன்ட்ரோலர்களில் உரசும் இடம் சில மாதப் பாவனையிலேயே தேய்ந்திருந்தது, தூசி காக்கும் உறையையும் மீறித் தூசி உள்ளே போயிருந்தது.

ஸ்டிக்கால் நிண்டெண்டோ மாட்டிக்கொண்டது இது முதல் தடவையும் அல்ல. நிண்டெண்டோ 64 காலத்தில் 'மரியோ பார்ட்டி' விளையாட்டுக்காகப் பிள்ளைகள் ஸ்டிக்கை உள்ளங்கையால் தேய்த்துச் சுழற்றிக் கையைப் புண்ணாக்கிக்கொண்டார்கள். 2000 ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபருடன் இணக்கத்துக்கு வந்து, கேட்டவர்களுக்குக் கையுறை கொடுத்தது நிறுவனம். ஸ்டிக்கைத் திருத்துவதற்குப் பதிலாகக் கைக்கு உறை!

தேய்மானம் பற்றி அவர்கள் சொன்ன விளக்கமும் கவனிக்க வேண்டியது. 2021 ஒக்டோபரில் வெளியிட்ட ஒரு நேர்காணலில் நிண்டெண்டோவின் பொறியாளர்கள் கார் டயரை உதாரணம் காட்டினார்கள். தரையில் உரசி ஓடும் டயர் தேயத்தான் செய்யும், ஒன்றோடொன்று உரசும் பாகங்களும் அப்படித்தான் என்பது அவர்கள் வாதம். நியாயந்தான், ஒத்துக்கொள்ளலாம். ஆனால் டயர் தேய்ந்தால் யாரும் காரை எறிவதில்லை. நான்கு நட்டைக் கழற்றினால் சில்லு கையில் வந்துவிடும், எந்தக் கம்பனி டயரையும் அளவு பார்த்துப் போடலாம், கோண்டாவில் சந்தியில் நின்றாலும் கொடிகாமத்தில் நின்றாலும் மாற்றித் தர ஆள் இருக்கும். தேயும் என்று தெரிந்த பாகத்தைக் கழற்றக்கூடியதாகச் செய்வதுதான் டயர்க்காரன் செய்த வேலை. ஜோய்ஸ்டிக் செய்தவர்கள் உதாரணத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

சோனியின் சாதாரணக் கொன்ட்ரோலரில் ஒரு ஸ்டிக் 14 இடத்தில் ஈயம் வைத்துப் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கிறது. கஸ்தூரியார் வீதிப் பக்கம் போன் திருத்தும் மேசை ஒன்றில் இந்த வேலை நடப்பதைப் பார்த்தால் தெரியும். நான்கு திருகாணிகளைக் கழற்றி, ஓட்டைப் பிரித்து, பற்றரியை எடுத்து, பலகையைக் கவிழ்த்துப் பிடித்து, 14 புள்ளிகளிலும் பழைய ஈயத்தை உருக்கி உறிஞ்ச வேண்டும். ஒன்றில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது அவசரப்பட்டு இழுத்தால் பலகையின் செப்புத் தடமும் சேர்ந்து கிளம்பிவிடும். புதிய ஸ்டிக்கின் விலை இரண்டு மூன்று டொலருக்குள். அதைப் போடுவதற்கான கைப்பக்குவம்தான் விலை கூடியது. போட்ட பிறகும் நடுப்புள்ளியைச் சரிசெய்ய வேண்டும். அதற்கான கருவியைச் சோனி வெளியாருக்குக் கொடுப்பதில்லை. கம்பனிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் வழியைக் கண்டுபிடித்து இணையத்தில் இலவசமாகப் போட்ட பிறகுதான் இந்த வேலை முழுமையாகச் சாத்தியமானது.

வேறு விதமாகச் செய்ய முடியாதா என்றால், சோனியே செய்து காட்டியிருக்கிறது. 2023 ஜனவரியில் வந்த டுவல்சென்ஸ் எட்ஜ் கொன்ட்ரோலரில் ஸ்டிக்கை ஒரு கொளுக்கியை நிமிர்த்திக் கையால் இழுத்தெடுக்கலாம், புதியதைச் செருகலாம், ஈயம் தேவையில்லை. விலை 200 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 60,000 ரூபா. கழற்றக்கூடிய ஸ்டிக் என்பது பொறியியல் சிக்கல் அல்ல என்பதும், அதைப் பணக்காரருக்கான சலுகையாக வைத்திருக்கிறார்கள் என்பதும் இந்த ஒரு பொருளிலேயே தெரிந்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்துக்கு இதில் கோபம் கூட வர வேண்டிய காரணம் உண்டு. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். பெற்றோல் கிடைக்காதபோது மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிளப்புவதற்கு மட்டும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல். அந்தக் காலத்தைப் பெருமையாகப் பேச ஒன்றும் இல்லை, பட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் அதற்குள்ளிருந்து வந்த கைத்திறன் இன்னும் ஊரில் இருக்கிறது. வானொலி திருத்தியவரின் மேசையில் இன்று போன் திருத்துகிறார்கள். இப்படிப்பட்ட ஊருக்குத் திருத்த முடியாதபடி செய்த பொருளை விற்பது, பொருளைச் செய்தவரின் குறை.

பணமும் சும்மா இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவாக இருந்தது, மே மாதத்தில் 360 வரை போனது. 70 டொலர்க் கொன்ட்ரோலர், வரியும் கடைக்காரரின் இலாபமும் சேர்க்காமலே, 14,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவைத் தாண்டியது. அந்த நாள்களில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டும் இருந்தபடியால் கொன்ட்ரோலருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

இனி உத்தரவாதத்துக்கு வரலாம். 2023 ஏப்ரலில் நிண்டெண்டோ ஐரோப்பாவில் ஒரு வாக்குறுதி கொடுத்தது. ஐரோப்பியப் பொருளாதார வலயம், பிரித்தானியா, சுவிற்சர்லாந்து ஆகிய இடங்களில் வாங்கிய ஜோய்-கொன்னின் ஸ்டிக் இழுத்தால், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும், சாதாரணத் தேய்மானமாக இருந்தாலும், இலவசமாகத் திருத்தித் தரப்படும். இந்த நாட்டுப் பட்டியலை யாழ்ப்பாணத்தவர் ஒருவர் வாசித்தால் அது உறவினர் முகவரிப் பட்டியல் போல இருக்கும். சூரிச், பேர்ண், பாரிஸின் லாசப்பல், லண்டனின் ஈஸ்ற்ஹாம், நோர்வே, ஜேர்மனி. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் சித்தப்பாவின் பெட்டிக்குள் ஒரு ஸ்விட்ச் இருந்தால், அது அங்கே வாங்கியதுதான். வாங்கிய விலையில் திருத்தும் செலவும் அடங்கித்தான் இருக்கிறது. பொருள் கட்டுநாயக்காவில் இறங்குகிறது, உரிமை சூரிச்சிலேயே நின்றுவிடுகிறது. இலங்கையில் நிண்டெண்டோவுக்குக் கிளை இல்லை. திருப்பி அனுப்பலாம் என்றால், உள்ளே லித்தியம் பற்றரி இருப்பதால் விமான அஞ்சலில் ஆயிரம் கட்டுப்பாடு. பெறாமகன் அடுத்த வருடம் வரை காத்திருந்து, யாராவது திரும்பிப் போகும்போது கையில் கொடுத்துவிட வேண்டும்.

ஜோய்-கொன்னைப் பொறுத்தவரை ஊர் மேசையிலேயே வழி உண்டு. அதன் ஸ்டிக் ஈயம் வைத்து ஒட்டப்படவில்லை, மெல்லிய நாடாக் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கிறது. மூன்று கால் கொண்ட விசேடத் திருப்புளி உட்படச் சில சின்னக் கருவிகள் இருந்தால் போதும், மாற்றிவிடலாம். அசல் உதிரிப்பாகத்தைத்தான் நிறுவனம் கண்ட இடத்தில் விற்பதில்லை. ஆகவே சீனப் பாகம் வருகிறது, அதில் நல்லதும் வரும், ஒரு மாதத்தில் மறுபடி இழுப்பதும் வரும். திருத்துபவர் பெயர்தான் கெடும்.

உரசாமலே வேலை செய்யும் ஸ்டிக்கும் உலகத்தில் புதிதல்ல. 1879 இல் எட்வின் ஹோல் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தி, ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தத்தை வைத்து அதன் புலம் மாறுவதை அளக்கலாம். உரசல் இல்லை, ஆகவே தேயக் கரியும் இல்லை. 1998 இல் வந்த சேகா ட்ரீம்காஸ்டின் ஸ்டிக் இப்படித்தான் இருந்தது. இன்று 8பிட்டூ, கேம்சேர் போன்ற சீன நிறுவனங்கள் 30 டொலர்க் கொன்ட்ரோலரிலேயே இதைக் கொடுக்கின்றன. இதிலும் சுருள்வில் தளரலாம், நடுப்புள்ளி சற்று விலகலாம். நித்திய ஆயுள் என்று யாரும் எழுதித்தர முடியாது. ஆனாலும் 30 டொலருக்கு முடிவது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலைக்கு முடியவில்லை என்றால் அதை எப்படி நம்புவது? 15 கோடிக்கு மேல் ஸ்விட்ச் விற்ற நிறுவனம் 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 ஐக் கொண்டுவந்தபோது அதிலும் ஹோல் ஸ்டிக் வைக்கவில்லை. ஐஃபிக்சிட் அந்த இயந்திரத்துக்குத் திருத்தும் வசதியில் பத்துக்கு மூன்று புள்ளி போட்டது.

சட்டம் எங்கே நிற்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் திருத்தும் உரிமைக்கான பணிப்புரையை நிறைவேற்றியது, உறுப்பு நாடுகள் 2026 ஜூலை 31 முதல் அதை நடைமுறைப்படுத்த வேண்டும். சலவை இயந்திரமும் போனும் அந்தப் பட்டியலில் உண்டு, விளையாட்டு இயந்திரம் இல்லை. இந்தியா 2022 டிசம்பரில் திருத்தும் உரிமைக்கென ஓர் இணையத்தளம் திறந்தது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. அரிசி விலைக்கும் காலாவதியான பிஸ்கட்டுக்கும் கடை கடையாகப் போகும் அந்தச் சபை, மின்னணுப் பொருள்களை இறக்குமதி செய்பவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: விற்கும் பொருளில் தேயும் பாகம் எது, அதை எத்தனை வருடத்துக்கு, என்ன விலைக்கு விற்பீர்கள்? பதிலைப் பெட்டியின் மேல் அச்சிட வைத்தால் வாங்குபவர் பார்த்து வாங்குவார்.

அதுவரைக்கும், வெளிநாட்டிலிருந்து ஜோய்-கொன் கொண்டுவரச் சொல்பவர்கள் அங்கே வாங்கிய பில்லை அங்கேயே பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது நல்லது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ புதிதாகக் கொன்ட்ரோலர் வாங்குபவர்கள் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் 'ஹோல் ஸ்டிக்கா?' என்று கடைக்காரரிடம் கேட்கலாம். இல்லை என்றால் அதற்குப் பொருந்தும் இரண்டு மாற்று ஸ்டிக்கையும் சேர்த்து எடுத்துத் தரும்படி கேட்கலாம்.