கைத்தொலைபேசிக்குத் தடையா?

குடாநாட்டில் இன்று பாடசாலைப் பரிசளிப்பு விழாவாயினும் சரி, சனசமூக நிலையத்தின் ஆண்டுக் கூட்டமாயினும் சரி, மேடையேறுவோரிற் பெரும்பாலோர் கையடக்கத் தொலைபேசியைத் தூற்றாது இறங்குவதில்லை. "பிள்ளைகள் கெட்டுவிட்டனர், பப்ஜியையும் பிறீ பயரையும் அரசாங்கம் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும்" என்று ஒருவர் முன்மொழிகிறார், மற்றொருவர் வழிமொழிகிறார், கைதட்டல் எழுகிறது. தூற்றிய பெரியவரோ மேடையை விட்டு இறங்கியதும் தமது சட்டைப்பையிலிருந்து அதே கருவியை எடுத்து, தமது பேச்சை எவரேனும் படம் பிடித்துப் போட்டனரா என்று பார்க்கிறார்!

இத்தகைய தீர்மானங்களுக்கு நாம் உடன்படோம். ஏன் உடன்படோம் என்பதைச் சொல்ல வேண்டியது எமது கடமை.

நாம் இக்கருவியின் மீது பற்றுக்கொண்டவர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சிதறிக் கிடக்கும் மக்களின் முகத்தை மாலைதோறும் வல்வெட்டித்துறையிலும் புங்குடுதீவிலும் இருக்கும் தாய்மார் காண்கிறார்களென்றால், வைபரும் வாட்சப்பும் செய்த உதவியை எந்த நாக்கால் இகழ்வது? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சாம்பலானவை ஏறத்தாழ 97,000 நூல்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்தில் அச்சேறிய பழைய ஏடுகளையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்த்து வருகிறது. ஒரு செப்புக்காசும் கேளாது, சாவகச்சேரிப் பேருந்தில் நின்றுகொண்டு செல்லும் மாணவனின் உள்ளங்கையில் அவற்றை விரித்துக் காட்டுகிறது. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' செயலி, கைத்தொலைபேசியில் தமிழ் எழுத முடியுமா என்று பலர் ஐயுற்ற காலத்திலே முடியும் என்று காட்டிற்று. இவை யாவும் ஒரே கருவிக்குள் அடங்கியவை.

துணைக்கருவிகளை ஆடம்பரம் என்பாரும் உளர். முதுகிலே படம் அச்சிட்ட உறையும் காதிலே மாட்டும் கம்பியற்ற கேட்பொறியும் ஆடம்பரமாகவே இருக்கட்டும், நாம் வாதாடவில்லை. ஆனால் 2022 மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, 'பவர் பாங்க்' என்னும் சேமிப்பு மின்கலம் உணவுப் பங்கீட்டுக்கு அடுத்த பொருளாக இருந்ததை மறந்தவர் யார்? அவ்வாண்டில் 1 டொலர் 200 ரூபாவை அண்டிய நிலையிலிருந்து சில கிழமைகளில் 360 ரூபாவை எட்டியது. அன்று உடைந்த கண்ணாடித் திரையை மாற்ற வசதியற்று, ஒட்டுநாடா ஒட்டியே ஓராண்டு ஓட்டிய மாணவர் எத்தனை பேர்!

இனி விளையாட்டுக்கு வருவோம். பப்ஜியில் ஏறக்குறைய நூறு பேர் வான்குடையிற் பாய்ந்து ஒரு தீவில் இறங்குவர். ஆயுதம் தேடுவர், ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துவர், பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், இறுதிவரை உயிரோடு நிற்பவன் வென்றவன். பிறீ பயரும் இதே வகையது. ஐம்பது பேர், பத்து நிமிட ஆட்டம். விலை குறைந்த கருவியிலும் அது ஓடும். ஏழை வீட்டுப் பிள்ளையிடமும் அது சென்று சேர்ந்தமைக்குக் காரணம் இதுவே.

பெற்றோரின் கலக்கத்தை நாம் எளிதாக எண்ணவில்லை. பதுங்குகுழிக்குள் மடியிலே குழந்தையை வைத்துக்கொண்டு செல்லொலிக்கு நடுங்கிய தாய், இன்று அடுத்த அறையில் அதே பிள்ளை "சுடு, சுடு" என்று கத்தக் கேட்கும்போது அவள் நெஞ்சில் என்ன ஓடும் என்பதைக் கொழும்பில் இருந்து புள்ளிவிவரம் எழுதுவோர் அறியார். ஆனால் கலக்கம் வேறு, சட்டம் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 சனவரியில் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில் 'விளையாட்டு ஒழுங்கீனம்' ஒரு நோயாகவே இடம்பெறுகின்றது. அதன் வரைவிலக்கணம் யாது? தன்னை அடக்க இயலாமை, பிற கருமங்கள் யாவற்றுக்கும் மேலாக ஆட்டத்தை வைத்தல், கேடு விளைந்த பின்னும் தொடர்தல். இவை பொதுவாக 12 மாதங்களேனும் நீடித்தல். இவ்வளவும் பொருந்தினாலன்றி நோயென்று சொல்வதற்கில்லை. மாலையில் ஒரு மணி நேரம் ஆடுபவன் நோயாளியுமல்லன், குற்றவாளியுமல்லன். கோயில் மடத்திலும் வீட்டுத் திண்ணையிலும் விடியும்வரை முந்நூற்றுநாலு ஆடிய எமது பாட்டன்மாருக்கு எதிராக எந்தச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது?

தடை என்ற சொல்லை இவ்வளவு இலகுவாக உச்சரிப்போர் குடாநாட்டார் என்பதே எமக்கு வியப்பு. 1990இன் பின் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில், வானொலிக்கு இடும் சிறு பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி, அந்த மின்னில் இலண்டன் தமிழோசை கேட்டவர்கள் இன்றும் எம்மிடையே வாழ்கின்றனர். தடைக்கு அன்று காட்டிய காரணமும் 'பாதுகாப்பு'த்தான். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முசுலிம் மக்களுக்கு எதிராக வன்செயல் மூண்டபோது சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னர் முடக்கப்பட்டன. 2022 ஏப்பிரல் 3ஆம் நாள், விலையேற்றத்தையும் மின்வெட்டையும் எதிர்த்து மக்கள் தெருவில் இறங்க முற்பட்டபோது மீண்டும் முடக்கப்பட்டன. முதலிரு முறையும் கலவரத்தைக் காரணங் காட்டினர். மூன்றாம் முறை கலவரம் எங்கே? ஆட்சியாளருக்குப் பிடிக்காத பேச்சே அங்கு இருந்தது.

திறவுகோல் ஒன்றே என்பதைத் தடை கேட்போர் நினைவிற் கொள்ளட்டும். ஒரு விளையாட்டைத் தடுக்கும் அதிகாரமும் ஒரு செய்தியைத் தடுக்கும் அதிகாரமும் ஒரே மேசையில் இருப்பவை. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழுவின் கையில் எவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது என்பதைக் கண்டு நாடெங்கும் கூக்குரல் எழுந்ததே! அந்தக் கூக்குரலில் நாமும் சேர்ந்து நின்றுவிட்டு, மறுபுறம் "இதையும் சேர்த்துத் தடுங்கள்" என்று மனு எழுதுவது என்ன நியாயம்?

தடுத்த நாடுகள் கண்ட பயனையும் பார்க்கலாம். தென்கொரியா 2011இல், 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை இணைய விளையாட்டு ஆடலாகாது என்று சட்டம் செய்தது. அச்சட்டம் கணினி விளையாட்டையே பிடித்தது. பிள்ளைகள் கைத்தொலைபேசிக்கு மாறினர். பத்தாண்டின் பின் அந்நாடே அதை நீக்கிற்று. இந்தியா 2020 செப்டெம்பரில் பப்ஜியைத் தடுத்தது. எல்லைத் தகராறே அதற்கு அடி, பிள்ளைகளின் நலனன்று. 2021இல் அதே ஆட்டம் வேறு பெயர் சூடி அங்கு திரும்பி வந்தது. சீனா மாத்திரமே இறுக்கமாக நின்றது. 2021 முதல் 18 வயதுக்குட்பட்டோர்க்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை ஒரு மணி நேரம். அதைச் செயற்படுத்த, ஆடுபவர் ஒவ்வொருவரின் உண்மைப் பெயரும் அடையாள இலக்கமும் ஆட்டத்தோடு பிணைக்கப்பட்டன. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நீட்டியே இளமையைக் கழித்த எம்மவர், தம் பிள்ளைகளுக்கும் அத்தகைய பதிவேடு வேண்டுமென்றா கேட்கின்றனர்?

ஆயின் கேடே இல்லை என்கிறோமா? இருக்கிறது. தடை கேட்போர் கைகாட்டும் துப்பாக்கியில் அதைத் தேட வேண்டாம், பணப்பையில் தேடுக. இவ்விளையாட்டுகள் இலவசமாகக் கிடைப்பவை. இலவசமாகக் கொடுப்பவன் எதில் உழைக்கிறான்? பிறீ பயரில் 'வைரம்' விற்கிறான்; பப்ஜியில் வேறொரு நாணயம் விற்கிறான். அதைக் கொண்டு ஆடையும் ஆயுதத்தின் நிறமும் வாங்கலாம். அதிட்டப் பெட்டியும் திறக்கலாம். பெட்டிக்குள் என்ன உண்டு என்பது திறக்கும்வரை தெரியாது. வேண்டியது வராவிடின் மீண்டும் ஒரு பெட்டி. றீலோட் காசும் தந்தையின் வங்கி அட்டையும் இவ்வழியே கரைகின்றன. பணயமும் தற்செயலும் கூடினால் அது சூது என்பது பழைய இலக்கணம். 1889ஆம் ஆண்டின் எமது சூதாட்டக் கட்டளைச் சட்டம் பொது இடத்திற் பணயம் வைத்து ஆடுவதையும் கோழிச்சண்டையையும் பிடித்தது. கண்ணாடித் திரைக்குள் இருக்கும் பெட்டியை அதை வரைந்தவர் கனவிலும் கண்டிலர். பெல்சியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018இலேயே இவ்வகைப் பெட்டிகள் சில தம் நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்மானித்தது. அமெரிக்காவில் 'போர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எப்பிக் நிறுவனம், பிள்ளைகளின் தரவுகளைத் திரட்டியமைக்கும், ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினாலும் பணம் அறவிடும் வகையில் திரையை அமைத்தமைக்கும் 2022இல் மொத்தம் 52 கோடி டொலர் செலுத்த இணங்கிற்று. அதில் 24 கோடி 50 இலட்சம் வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு. விளையாட்டு தடுக்கப்படவில்லை, ஏமாற்று தண்டிக்கப்பட்டது. வழி இதுவே.

அயலிலுள்ள தமிழகம் இவ்வேறுபாட்டை நீதிமன்றத்திற் கற்றது. பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியைத் திறமை, தற்செயல் என்று பாராது ஒட்டுமொத்தமாகத் தடுத்த 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகத்தில் செல்லாதென்றது. புதுச் சட்டம் வந்தது. 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் அதன் தடைக்குள் அடங்கா என்று அதே மன்றம் தீர்த்தது. பின்னர் தமிழக அரசு, பண விளையாட்டுகளுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஓய்வென்று ஒழுங்குவிதி செய்தது. அதனை மன்றம் 2025 சூனில் ஏற்றது. இத்தனைக்கும் நடுவே கடனில் மூழ்கி உயிரை மாய்த்தோரின் குடும்பங்கள் இருந்தன. எமது பாராளுமன்றமும் 2025இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியுள்ளது. பிள்ளைகளின் அதிட்டப் பெட்டி அதன் கண்ணிற் படுமா என்பதைக் கேட்கவேண்டியவர்கள் எமது உறுப்பினர்கள்.

சட்டம் படித்தவர் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வோம். யாழ்ப்பாணத்தான் அரைப் பரப்புக் காணி வாங்குவதென்றால் நொத்தாரிசிடம் மூன்று முறை நடப்பான், தோம்பு பார்ப்பான், உறுதியின் எல்லைகளை வாய்விட்டு வாசிப்பிப்பான், ஒரு முழ வேலிக்காக இருபது ஆண்டு வழக்காடுவான். அவனே, செயலி ஒன்றை இறக்கும்போது நாற்பது பக்க நிபந்தனையின் கீழ் 'உடன்படுகிறேன்' என்பதைக் கண்மூடி அழுத்துகிறான். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னியல் கொடுக்கல்வாங்கற் சட்டத்தின்படி, மின்வழியில் செய்யப்பட்டது என்பதற்காக மாத்திரம் ஓர் ஒப்பந்தம் வலுவிழந்து போகாது. அந்நிபந்தனைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. படிக்க முடியாத மொழியில் எம்மை ஆளலாகாது என்று 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிற் சத்தியாக்கிரகம் இருந்த மக்களின் பேரப்பிள்ளைகள், படிக்க முடியாத மொழியில் நாளொன்றுக்கு மூன்று ஒப்பந்தம் செய்கின்றனர்! 1987இன் 13ஆம் திருத்தத்தின் பின் தமிழும் அரசகரும மொழி. அவ்விதி அரசைக் கட்டுமேயன்றித் தனியார் நிறுவனத்தைக் கட்டாது என்பர். கட்டாதுதான். ஆனால் 2003இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையைச் சட்டத்தால் அமைத்தது இதே அரசுதானே? மருந்துப் பெட்டியிலும் மாப்பையிலும் என்ன எழுதவேண்டும் என்று ஆணையிடக்கூடிய அரசு, விற்பனைக்கு வரும் செயலியின் விலையும் நிபந்தனையும் எம்மொழியில் இருக்கவேண்டும் என்று சொல்லவா இயலாது?

பராயமடையாதவரின் நிலையும் உண்டு. 18 வயது நிரம்பாத பிள்ளை பாதுகாவலரின் சம்மதமின்றிச் செய்யும் ஒப்பந்தம் பொதுவாக அப்பிள்ளையைக் கட்டாது என்பது இந்நாட்டில் வழங்கும் உரோமன் இடச்சுச் சட்டத்தின் பழைய விதி. பிள்ளை வாங்கிய வைரத்துக்கான பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு வாதம் இருக்கிறது. கேட்போர்தாம் இல்லை. சிங்கப்பூரிலுள்ள ஒரு நிறுவனத்திடம் ஐயாயிரம் ரூபாவுக்காக எந்தத் தந்தை வழக்காடுவார்? ஆகவே முறையிட இங்கே ஓர் அலுவலகம் வேண்டும். அதிலே தமிழில் எழுதினால் தமிழிற் பதில் வரவேண்டும்.

சனசமூக நிலையங்களும் பெற்றோர் சங்கங்களும் அடுத்த கூட்டத்தில் எழுதவேண்டிய மனு எதுவென்று எம்மைக் கேட்டால், நான்கே வரியில் எழுதித் தருவோம்: அதிட்டப் பெட்டியைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ்க் கொண்டு வருக, பராயமடையாதவரிடம் பெற்ற பணத்தை உள்நாட்டிலேயே திருப்பிப் பெற வழி செய்க, விலையையும் நிபந்தனையையும் தமிழிலும் சிங்களத்திலும் காட்டாத செயலி இந்நாட்டிற் பணம் அறவிடலாகாதென்று விதி செய்க, அரசின் சொந்தச் செயலிகள் யாவும் முதலில் இவ்விதிக்கு அடங்குக. கையொப்பம் வாங்குவதற்கு வாசிகசாலை மேசையில் ஒரு கிழமை வைத்தாற் போதும். தீர்மானத்தை முன்மொழிந்த பெரியவரும், அவர் பேச்சைப் படம் பிடித்த பையனும் அதில் ஒருங்கே ஒப்பமிடலாம்.