திருத்தணியில் ஒரு திராமிசு

விடிந்தும் விடியாத நேரத்தில் திருத்தணி ஸ்டேஷனில் சென்னை லோக்கலுக்குக் காத்திருக்கும் இளைஞர்களின் பையைச் சோதனை போட்டால், முன்பெல்லாம் மூன்று பொருள் கிடைக்கும். சீஸன் டிக்கெட், சீப்பு, டிபன் பாக்ஸ். சீஸன் டிக்கெட் போனுக்குள் போய்விட்டது. சீப்புக்கு வேலை சிலருக்குக் குறைந்துவிட்டது (அனுதாபங்கள்). டிபன் பாக்ஸ் இருந்த இடத்தில் ஜிகினாத் தாள் சுற்றிய ஒரு கட்டி. ப்ரோட்டீன் பார்.

என் அக்கா மகன் இந்தக் கோஷ்டியில் முக்கியப் புள்ளி. அக்கா நாலரை மணிக்கு எழுந்து இட்லி ஊற்றினால், "வேணாம்மா, அது முழுக்க கார்ப்" என்று விடுகிறான். "இட்லில ஏதுடா காரம்? சட்னிலதானே காரம்!" என்று அக்கா கேட்டதில் நியாயம் இருந்தது.

அவன் அலமாரியில் இருக்கும் சரக்கின் பெயர்களைப் பாருங்கள். டபுள் சாக்லேட் பிரவுனி, பர்த்டே கேக், சீஸ் கேக், திராமிசு. கடைசியாகச் சொன்னது இத்தாலி சமாசாரம். காப்பியில் நனைத்த பிஸ்கட்டின் மேல் ஒருவகைப் பாலேட்டைப் பூசி, கோகோ பொடி தூவித் தருவார்கள். டீயில் பன் நனைத்துத் தின்பதற்குப் பணக்கார ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். திருத்தணியில் அசல் திராமிசு தின்றவர் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆகவே, சுவை சரியில்லை என்று புகார் கொடுக்கவும் ஆளில்லை. கம்பெனிக்கு வசதி.

கிண்டல் போதும். இது சின்ன வியாபாரம் இல்லை. யோகா பார் கம்பெனியை வாங்கப்போவதாக 2023-ல் ஐ.டி.சி. அறிவித்தது. ரைட்பைட் மேக்ஸ் ப்ரோட்டீன் தயாரிக்கும் கம்பெனியை 2024-ல் ஸைடஸ் வெல்னஸ் 390 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அமுல்கூட ரோஸ் லஸ்ஸியில் 15 கிராம் புரதம் போட்டு விற்கிறது. 390 கோடி கொடுப்பவர்கள் உறையின் முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கொடுத்திருக்க மாட்டார்கள். நாமும் திருப்பிப் பார்ப்பதில் தப்பில்லை.

அவனிடமிருந்து ஒரு கட்டியை வாங்கி (பெயர் வேண்டாம், வம்பு) என் வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் படித்தேன். எடை 60 கிராம். புரதம் 20. மாவுச்சத்து 24. கொழுப்பு 8. மொத்தம் 220 கலோரி. சேர்த்த சர்க்கரை பூஜ்யம். விலை 120 ரூபாய்.

எதை அதிகம் போட்டிருக்கிறார்களோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். எடை குறையக் குறையப் பெயர் பின்னால் போகும், கல்யாணப் பத்திரிகையில் தூரத்து உறவினர் மாதிரி. இதில் முதலில் 'புரதக் கலவை' என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் வே, சோயா என்றிருந்தது. வே என்பது ஒன்றுமில்லை, பால் திரிந்ததும் பிரிந்து நிற்கும் தெளிந்த தண்ணீரிலிருந்து எடுக்கிற புரதம். முதல்தரமானது. சோயாவும் நல்ல ஜாதிதான். சில கட்டிகளில் கொலாஜன் அல்லது ஜெலட்டின் கலப்பார்கள். மாட்டுத்தோல், மீன்தோல் வகையறாவிலிருந்து வருவது. எண்ணிக்கையில் அதுவும் புரதம்தான். ஆனால் டிரிப்டோஃபேன் என்கிற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் இல்லவே இல்லை. சைவக்காரர்கள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கிருத்திகை விரதக்காரர்கள் இரண்டு தடவை பாருங்கள்.

'20 கிராம் புரதம்' என்று சொல்கிறார்களே, யார் எண்ணினார்கள் என்று சந்தேகம் வரலாம். பெரும்பாலும் புரதத்தை நேராக எண்ணுவதில்லை. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். 1883-ல் கெல்டால் என்பவர் டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த முறை. (பீரால் உலகத்துக்கு நேர்ந்த நன்மைகளில் ஒன்று.) ஓட்டை என்னவென்றால், நைட்ரஜன் உள்ள எதைக் கலந்தாலும் கணக்கு ஏறும். 2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமின் கலந்தது இந்த ஓட்டை வழியாகத்தான். குழந்தைகள் செத்துப்போனார்கள்.

பட்டியலில் அடுத்து மால்டிட்டால். அப்புறம் கிளிசரின். சினிமாவில் அழுவதற்குப் போட்டுக்கொள்வார்களே, அதே கிளிசரின்தான். இங்கே அதன் வேலை, வே புரதம் நாளாக நாளாகச் செங்கல்லாக இறுகாமல் கட்டியை மெத்தென்று வைத்திருப்பது. கடைசியில் பஸ் ரூட் நம்பர் மாதிரி 422, 955, 965. 422 கிளிசரின், 955 சுக்ரலோஸ், 965 நம்ம மால்டிட்டால். திராமிசு எங்கே என்று தேடினேன். 'நறுமணமூட்டி' என்ற ஒரே வார்த்தைக்குள் மொத்த இத்தாலியும் அடங்கியிருந்தது.

அதற்கும் கீழே, எறும்பு படிக்கிற எழுத்தில் ஓர் எச்சரிக்கை. பாலியால்கள் பேதியை உண்டாக்கலாம். பாலியால் பத்து சதவிகிதத்தைத் தொட்டால் இப்படி அச்சடித்தே ஆக வேண்டும். மால்டிட்டால் அந்த வகை. குடலில் அரைகுறையாகத்தான் செரிக்கும். மிச்சம் கீழே போய்ப் புளிக்கும், காற்றுப் பிரியும். ஒரு கட்டி தாங்குகிறவர் இரண்டாவதில் மாட்டிக்கொள்ளலாம். திருத்தணியிலிருந்து சென்னைக்கு லோக்கலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும், ஞாயமான கூட்டத்தையும் யோசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது வயிற்றுக்காக இல்லை, சர்க்கரைக்காக.

அக்கா வீட்டுக்காரருக்குப் பத்து வருஷமாக நீரிழிவு. 'சர்க்கரை சேர்க்காதது' என்று உறையில் இருந்ததால், பையன் அவருக்கும் பெட்டி பெட்டியாக வாங்கித் தர ஆரம்பித்தான். போன ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போனோம். மேலே வரை வண்டி போகும், ஆனால் மனுஷன் 365 படியும் ஏறித்தான் போவேன் என்று பிடிவாதம். தரிசனம் முடிந்துதான் சாப்பாடு. மாத்திரையை மட்டும் காலையிலேயே போட்டுவிட்டார். காவடிக் கூட்டத்தில் பாதிக்கு மேல் ஏறியிருப்போம். சட்டென்று உட்கார்ந்துவிட்டார். சட்டை தெப்பமாக நனைந்திருக்கிறது, கை நடுங்குகிறது, கேட்டதற்கு வேறெதையோ பதில் சொல்கிறார்.

"நைனா, இத்த சாப்டு, எனர்ஜி வரும்" என்று பையன் கட்டியைப் பிரித்தான்.

படியோரம் சோடா விற்கிற அம்மா எழுந்து வந்து அவன் கையைத் தள்ளிவிட்டாள். "பிஸ்கோத்து அப்பால குடு கண்ணு." அரை டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கலக்கி அவர் கையில் பிடித்துக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. "எத்தினி படி வந்துகிறோம்?" என்று கேட்டார். காசு கொடுத்தபோது அந்த அம்மா வாங்கவில்லை. ஒவ்வொரு கிருத்திகைக்கும் இரண்டு மூன்று பேர் இப்படி உட்காருவார்களாம்.

அந்த அம்மா செய்ததுதான் டாக்டர்கள் சொல்வதும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டால், வேகமாக ரத்தத்தில் சேரும் சர்க்கரையோ குளுக்கோஸோ சுமார் 15 கிராம். கால் மணி கழித்து மறுபடி சோதனை. (நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. நேரே ஆஸ்பத்திரிதான்.) கட்டியில் புரதம், கொழுப்பு, பாதி செரிக்கும் மால்டிட்டால், எல்லாமே சர்க்கரை நிதானமாக ஏறுவதற்கான ஏற்பாடு. மற்ற நாளில் அது நல்ல குணம். தீயணைப்பு வண்டிக்கு நிதானம் நல்ல குணம் இல்லை.

அதற்காக, மற்ற நாளில் இஷ்டத்துக்குத் தின்னலாம் என்றும் இல்லை. மால்டிட்டாலும் ஏற்றத்தான் செய்யும், சர்க்கரையைவிடக் குறைவாக. வேறு சில கட்டிகளில் மால்டிட்டாலுக்குப் பதில் பேரீச்சம்பழம். அங்கேயும் 'சேர்த்த சர்க்கரை இல்லை' என்பது பொய் இல்லை; பழத்திலேயே சர்க்கரை பாதிக்கு மேல் இருக்கிறது, அவ்வளவுதான். நீரிழிவுக்காரர் பூஜ்யத்தைப் பார்க்க வேண்டாம், அந்த 24-ஐப் பார்க்கட்டும்.

சரி, ஆபீஸ் போகிற பையனுக்கு? 2020-ல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போட்ட கணக்குப்படி, உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும். 65 கிலோ ஆசாமிக்கு 54 கிராம். அக்காவின் நாலு இட்லியும் சாம்பாரும் 10 கிராமை நெருங்கும். அரிசியில் குறைவான லைசினை உளுந்து கொடுக்கிறது. உளுந்தில் குறைவானதை அரிசி கொடுக்கிறது. முன்பக்கம் ஒரு படமும் போடாமலே. அதே நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சதை போடுவதற்காகப் புரதப் பவுடர் வகையறாவைத் தவிர்க்கவே சொல்லியிருக்கிறது.

'ஹை ப்ரோட்டீன்' என்ற வார்த்தையில் மயங்க வேண்டாம். 2018 விதிப்படி, 100 கிராமில் ஒரு நாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். ஏறக்குறைய 11 கிராம். கோதுமை மாவே அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். கடலை மிட்டாய் சுலபமாகத் தாண்டும்.

உடனே கடலை மிட்டாய்க்கு மாலை போட்டுவிடாதீர்கள். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி மிட்டாயாகவே இருக்கட்டும், 60 கிராமுக்குப் புரதம் பத்துக்குள்தான். கலோரி 300-ஐ ஒட்டி வரும், வெல்லமும் சர்க்கரைதான். இந்தப் பந்தயத்தில் திராமிசுக் கட்டி ஜெயிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். காலை டிபனும் இல்லாமல், ரயிலும் அரக்கோணத்தில் சிக்னலுக்கு நின்றுவிட்டால், சமோசாவுக்கு அது எவ்வளவோ மேல்.

பொட்டுக்கடலையோடு மோதவிட்டேன். அதே 60 கிராம், அதே 220 கலோரி, புரதம் 13. மளிகைக் கடையில் கிலோ 130 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு கிராம் புரதத்துக்கு அறுபது காசு ஆகிறது. முட்டையில் கிராமுக்கு ஒரு ரூபாய் சொச்சம். கட்டியில் ஆறு ரூபாய். பொட்டுக்கடலையில் திராமிசு வாசனை கிடையாது. வாசனைக்கு மட்டும் கிராமுக்கு ஐந்து ரூபாய் நாற்பது காசு.