கடன் வாங்கியது ஒருவரிடம், கேட்க வந்தது வேறொருவர்!



நான் இயந்திரவியல் இரண்டாமாண்டு மாணவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான்தான். உலக நாடுகளின் கடனைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். கடனில் படிக்கிறேனே, அந்தத் தகுதி போதாதா?

என் முதலாண்டுச் செலவுக்காக அப்பா ஊர்க் கடைக்காரர் ஒருவரிடம் இருபதாயிரம் வாங்கிப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் அதே நோட்டோடு வாசலில் வந்து நின்றார். கடைக்காரர் பணமுடையில் பாதி விலைக்கு மேடோவர் செய்துவிட்டாராம். வந்தவர் கேட்டதோ முழு அசல், அதற்கு மேல் வட்டி! அவர் போன பிறகு அப்பா சொன்னார்: "வாங்குனது வாங்குனதுதான்டா, இல்லன்னு சொல்லல. ஆனா கடைக்காரரா இருந்தா நம்ம கஷ்டம் தெரியும், தவணை கேக்கலாம். இவருக்கு நோட்டு மட்டும்தான் தெரியுது."

இதே கதை ஒரு தேசத்துக்கே நடந்திருக்கிறது என்று நூலகத்தில் படித்தபோது திகைத்துப் போனேன்.

ஆப்பிரிக்காவில் சாம்பியா என்றொரு நாடு. 1964-இல் விடுதலை பெற்றது. தாமிரம்தான் அதன் வருமானம். 1970-களில் உலகச் சந்தையில் தாமிர விலை சரிந்தது. நாடு கடனில் விழுந்தது. 1979-இல் ருமேனியாவிடமிருந்து டிராக்டர்களையும் விவசாயக் கருவிகளையும் சுமார் ஒன்றரைக் கோடி டாலர் கடனில் வாங்கியது. கட்ட முடியவில்லை. வட்டியோடு அது சுமார் 3 கோடி டாலராக வளர்ந்தது.

1999-இல் டொனிகால் இன்டர்நேஷனல் என்ற கம்பெனி நடுவில் புகுந்தது. அந்தக் கடன் பத்திரத்தை ருமேனியாவிடமிருந்து வெறும் 33 லட்சம் டாலர் அளவுக்கு வாங்கியது. பிறகு லண்டன் நீதிமன்றத்தில் 5 கோடி டாலருக்கும் மேல் கேட்டு வழக்குப் போட்டது! 2007-இல் சுமார் ஒன்றரைக் கோடி டாலர் கொடுக்கும்படி சாம்பியாவுக்குத் தீர்ப்பு வந்தது. போட்ட பணத்தைப் போல நாலு மடங்குக்கு மேல். இப்படிப்பட்ட கம்பெனிகளைப் பிணந்தின்னிக் கழுகுகள் என்று உலகம் அழைப்பதில் என்ன தவறு?

அது எந்த நேரம் தெரியுமா? 2005-இல்தான் சாம்பியாவின் பழைய கடன்களில் பெரும்பகுதி தள்ளுபடியானது. 2006-இல் கிராமப்புற மருத்துவத்துக்குக் கட்டணத்தை ரத்து செய்தார்கள். அந்தப் பணத்தின் மேல்தான் கழுகு கண் வைத்தது.

சாம்பிய ஆட்சியாளர்கள் மேல் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2003-இல் அதே கம்பெனியோடு அவர்களே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் கையெழுத்துப் போட்டவர் ஒருவர், வரிசையில் நின்று மருந்து வாங்குகிறவர் வேறொருவர் அல்லவா?

நம் நாட்டில் ஒரு கம்பெனி நொடித்துப் போனால் அதற்கென்று 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் இருக்கிறது. ஒரு நாடு நொடித்தால்? உலகத்தில் அதற்கு ஒரு நீதிமன்றம்கூடக் கிடையாது. 2015-இல் ஐ.நா. பொதுச்சபையில் நாட்டுக் கடன் சீரமைப்புக்கான நெறிமுறைகளை 136 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவை 6. ஆறில் அமெரிக்காவும் பிரிட்டனும் உண்டு. கடன் பத்திர வழக்குகள் பெரும்பாலும் நடக்கிற நியூயார்க்கும் லண்டனும் அங்கேதானே இருக்கின்றன! 2020-இல் சாம்பியா மறுபடி தவணை தவறியது. பத்திரக்காரர்களோடு பேசி முடிக்க 2024 ஆகிவிட்டது.

"சட்டம் போட்டால் அப்புறம் யார் கடன் கொடுப்பார்கள்?" என்று கேட்கிறார்கள். அதே பிரிட்டன் 2010-இல் ஒரு சட்டம் போட்டு, மிக ஏழை நாடுகளின் பழைய கடனுக்குத் தன் நீதிமன்றங்களில் இப்படிக் கொள்ளை லாபம் கேட்க முடியாதபடி செய்தது. லண்டன் ஒன்றும் கடையை மூடிவிடவில்லையே!

தோழர்களே, கடனைக் கட்டாதே என்பதல்ல என் வாதம். என் அப்பா இன்றும் மாதம் ஆயிரம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். பாதி விலைக்கு வாங்கியவனுக்கு முழு விலை கேட்க உரிமை உண்டென்றால், கட்டுகிறவனுக்குப் பேசித் தீர்க்க ஒரு இடம் வேண்டாமா? அது எங்கள் வாசலுக்கும் வேண்டும், சாம்பியாவுக்கும் வேண்டும்.

சிந்திப்போம்!