பென்னிகுக்குக்குப் பொங்கல்... தம்பிகளுக்கு?

எனக்குச் சொந்த ஊர் கம்பம். ஜனவரி 15 வந்தால் எங்கள் பள்ளத்தாக்கில் சூரியனுக்கு மட்டுமல்ல, கர்னல் பென்னிகுக்குக்கும் பொங்கல் வைப்பார்கள். அன்று அவர் பிறந்த நாள். டீக்கடையில் அவர் படம் தொங்கும். லோயர் கேம்பில் 2013-ல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. 1895-ல் திறந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரில் வளர்ந்தவன்தான் நானும். அவருக்குப் பொங்கல் வைக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அடிக்க வராதீர்கள் :)

என் கேள்வி வேறு. பென்னிகுக் யார்? ராணுவ இன்ஜினியர். சரி, அவர் தனியாளாகவா கல் சுமந்தார்? மெட்ராஸ் பயனியர்ஸ் என்ற படையின் 1-வது, 4-வது பட்டாலியன் சிப்பாய்கள் அந்தக் காட்டில் வேலை பார்த்தார்கள். காய்ச்சலிலும் விபத்திலும் எத்தனையோ பேர் அங்கேயே மண்ணுக்குள் போனார்கள். அவர்களில் ஒருவர் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். எனக்கும் தெரியாது.

நான் பி.காம். படிக்கிறவன். எங்கள் பாஷையில் சொன்னால், வரவு முழுவதையும் முதலாளி பெயரில் எழுதிவிட்டு, உழைத்தவர்களைச் 'சில்லறைச் செலவு' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டோம். எந்த ஆடிட்டரும் இந்தக் கணக்கில் கையெழுத்துப் போடமாட்டார்.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே, "அவனுங்க வெள்ளைக்காரனுக்கு வேலை செஞ்ச கூலிப்படைடா" என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். மெட்ராஸ் சாப்பர்ஸ் பிறந்ததே கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத்தான். 1780 செப்டம்பர் 30-ல் இரண்டு பயனியர் கம்பெனிகளாகத் தொடங்கிய படை அது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராகவும் நின்றது. இதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் பென்னிகுக் மட்டும் யாரிடம் சம்பளம் வாங்கினார்? அதே வெள்ளைக்கார அரசிடம்தானே! அதிகாரிக்குப் பொங்கல், அவருக்குக் கீழே வேலை பார்த்தவனுக்குக் கூலிப்படைப் பட்டமா? வைத்தால் இருவருக்கும் ஒரே தராசு வையுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். எங்கள் எதிர்வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். நான் எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் சுதந்திர தின விழாவுக்கு அவரை அழைத்திருந்தார்கள். "எல்லையில் துப்பாக்கி ஏந்தி எதிரிகளைச் சுட்டு வீழ்த்திய மாவீரர்" என்று மைக்கில் அறிமுகம். தாத்தா எழுந்து, "நான் யாரையும் சுட்டதில்லைங்க. பாலம் போட்டேன், ரோடு போட்டேன், கண்ணிவெடி எடுத்தேன்" என்றார். மைக் பிடித்தவர் சிரித்துக்கொண்டே, "ஐயா ரொம்ப அடக்கமா பேசுறாங்க" என்று சொல்லிச் சால்வையைப் போர்த்தி உட்கார வைத்துவிட்டார். அவர் சொன்னது அடக்கம் இல்லை. அவருடைய தொழில். அதைக் கேட்கத்தான் அங்கே ஆள் இல்லை.

சாப்பர் என்றால் என்ன வேலை? படை முன்னேறும்போது முன்னால் போய்க் கண்ணிவெடியை எடுத்து வழி செய்பவன். பின்வாங்கும்போது எல்லோரும் கடந்தபிறகு பாலத்தைத் தகர்த்துவிட்டுக் கடைசியாக வருபவன். 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தில் கடற்கரை முள்வேலியை உடைக்க "பெங்களூர்" என்று கத்துவார்களே, நினைவிருக்கிறதா? வெடிமருந்து நிரப்பிய அந்தக் குழாயை 1912-ல் பெங்களூரில் உருவாக்கியவர் மெட்ராஸ் சாப்பர்ஸின் கேப்டன் மெக்ளின்டாக்.

1944 பிப்ரவரி 24. இத்தாலியில் மிஞ்ஞானோ. கண்ணிவெடி அகற்றும் குழுவோடு போன சுபேதார் சுப்பிரமணியன், வெடிக்கப் போன கண்ணியின் மேல் தானே பாய்ந்து விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிச் செத்துப் போனார். இறந்தபிறகு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். காஞ்சிபுரம் பக்கம் கீழ் ஓட்டிவாக்கத்துக்காரர். பன்னிரண்டாவது வரை நான் படித்த எந்தப் பாடத்திலும் இவர் பெயர் எனக்குக் கண்ணில் படவில்லை.

"அது வெள்ளைக்காரன் சண்டை" என்று மறுபடி ஆரம்பிப்பீர்கள். சரி, 1948-க்கு வாருங்கள். சுதந்திர இந்தியா. 11,000 அடிக்கு மேலே சோஜி லா கணவாய். அங்கே டாங்க் ஏறும் என்று எதிரி கனவிலும் நினைக்கவில்லை. மேஜர் தங்கராஜு தலைமையில் மெட்ராஸ் சாப்பர்கள் கழுதைப் பாதையை டாங்க் போகும் பாதையாக மாற்றினார்கள். நவம்பர் 1-ம் தேதி டாங்குகள் ஏறின. கணவாய் கைக்கு வந்தது. இவர் பெயராவது தெரியுமா?

அந்தப் படைக்குள் மட்டும் யாரும் யாரையும் மறப்பதில்லை. மெட்ராஸ் சாப்பருக்கு ராணுவத்தில் செல்லப் பெயரே 'தம்பி'. செப்டம்பர் 30 வந்தால் எதிர்வீட்டுத் தாத்தா சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு காலையிலிருந்து போனில் இருப்பார். பாலக்காட்டுக்காரர், சித்தூர்க்காரர், கோலார்க்காரர் எல்லோரிடமும் தமிழும் இந்தியும் கலந்து ஒரு பாஷை. எண்பதை நெருங்கும் கிழவர்கள் ஒருவரை ஒருவர் "என்ன தம்பி" என்று கூப்பிடுவதைக் கேட்க எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

போன வருஷம் தாத்தா இறந்துபோனார். பாலக்காட்டுக்காரர் இரவு பஸ் பிடித்து வந்தார். வேறு மூன்று பேரும் வந்தார்கள். கூடத்தில் அவரைச் சுற்றி உட்கார்ந்து, எந்த ஆற்றில் எந்த ராத்திரி பாலம் போட்டோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷம் எதிர்வீட்டில் இருந்த எனக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. நான் கேட்டதில்லை. ஆக, இந்தத் திட்டில் பாதி எனக்கே.

சிலை கேட்கவில்லை. சிலை வைத்தால் அதற்கும் ஒரு கூண்டு போட்டு, வருஷத்துக்கு ஒரு மாலையோடு கணக்கை முடித்துவிடுவோம். நான் கேட்பது இரண்டே விஷயம். பென்னிகுக் பொங்கல் மேடையில் அந்தப் பயனியர் சிப்பாய்களுக்கும் ஒரு பானை வையுங்கள். உங்கள் தெருவில் ஒரு 'மிலிட்டரி தாத்தா' இருந்தால், எத்தனை பேரைச் சுட்டீங்க என்று கேட்காமல், என்ன வேலை பார்த்தீங்க என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எனக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. பாலக்காட்டுக்காரர் நம்பர் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். செமஸ்டர் முடிந்ததும் போகிறேன்.